"முட்டை விலை ஏறுமாம்மா?" - வடசென்னையில் கோழிகளுக்காக ஒரு கையெழுத்து வேட்டை!

தெருவில் நின்று கையெழுத்து கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிய வேண்டுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவொற்றியூர் தேரடி மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் அட்டையும் பேனாவுமாக நின்று பாருங்கள். பாதிப் பேர் காது கேட்காதது போலப் போய்விடுவார்கள். கிரெடிட் கார்டு விற்க வந்த பெண் என்று நினைத்துக் கையை ஆட்டி மறுப்பவர்கள் கொஞ்சம். "எந்தக் கட்சிமா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம். நின்று கேட்கிற நல்ல மனசுக்காரர்களும், தாளில் போன் நம்பர் எழுதும் கட்டத்தைப் பார்த்தவுடன், "ஓ.டி.பி. எதுனா வருமா?" என்று ஓர் அடி பின்னால் நகர்வார்கள்.

இத்தனையும் தாண்டி ஒருவர் பேனாவைக் கையில் வாங்கிய பிறகுதான் அடுத்த கேள்வி வரும்.

"இன்னா விஷயமா இது?"

"கோழிங்களுக்காகக்கா."

சிரிப்பு வரும். சிலருக்குக் கோபமும் வரும். அந்தச் சிரிப்புக்கும் கோபத்துக்கும் நடுவில்தான் காலடிப்பேட்டையைச் சேர்ந்த 24 வயதுப் பெண் ஒருவர் சில மாதங்களாகத் தன் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துக்கொண்டிருக்கிறார். வார நாள்களில் துறைமுகத்தின் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கப்பல் சரக்குக்கான பேப்பர் வேலை. ஞாயிறு வந்தால் கல்லூரித் தோழிகள் மூன்று பேரோடு கையெழுத்து வேலை. சம்பளம் கிடையாது. டீ, ஷேர் ஆட்டோ எல்லாம் கைக்காசு. பெயர் மட்டும் வேண்டாம் என்கிறார். ஆபீஸில் ஏற்கெனவே 'கோழி மேடம்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம், அது போதுமாம்.

அவர்கள் கையில் இருக்கும் மனு கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. முட்டைக்கோழிகளைக் கம்பிக்கூண்டில் நெருக்கி அடைத்து வளர்ப்பதைப் படிப்படியாகக் கைவிட வேண்டும். சத்துணவுக்காக முட்டை வாங்கும் அரசு, கூண்டில்லாத பண்ணைகளிலிருந்தும் ஒரு பங்கு வாங்கி அதற்கு வழிகாட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இதை விளக்க அவர் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிது. கையெழுத்து வாங்கும் தாளே ஏ4 தாள்தான். 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். அதில் காலியான ஒரு தாளை எடுத்து, மேலிருந்து 8 செ.மீ. அளவுக்குப் பின்பக்கமாக மடித்துவிடுகிறார். மிச்சம் இருப்பது ஏறக்குறைய 450 சதுர செ.மீ. ஒரு சாண் அகலம், ஒரு சாண் நீளம். "ஒரு கோழிக்கு இவ்ளோதான்க்கா எடம். நிக்க, உக்கார, தூங்க, முட்டை போட... எல்லாம் இதுக்குள்ளதான். ஒன்றரை வயசு வரைக்கும்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள். கையெழுத்து போடுகிறார்களா என்பது வேறு விஷயம்.

அவரே அதை நேரில் பார்த்தது நாமக்கல்லில். தோழி ஒருத்தியின் அக்கா கல்யாணத்துக்குப் போன இடத்தில், மண்டபத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு பண்ணை. சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போயிருக்கிறார்கள். தரையிலிருந்து உயரமாகக் கட்டிய நீளமான ஷெட். உள்ளே வரிசை வரிசையாக, அடுக்கடுக்காகக் கம்பிக்கூண்டுகள். ஒவ்வொன்றிலும் நான்கைந்து வெள்ளைக்கோழிகள். கூண்டின் தரையும் கம்பிதான். அதுவும் முன்பக்கம் சரிவாக. போட்ட முட்டை உருண்டு வெளியே வந்து நிற்பதற்கு அந்தச் சரிவு. எச்சம் கம்பி இடுக்கு வழியாகக் கீழே விழுந்து குவிகிறது. மண்ணைக் கிளறுவது, புழுதியில் புரண்டு குளிப்பது, முட்டை போட மூலை தேடுவது என்று நம் வீட்டுக் கொல்லையில் கோழி செய்யும் எந்த வேலையும் அங்கே இல்லை. சிறகை முழுசாக விரிக்கக்கூட வழியில்லை.

"கொடுமைக்காரங்க யாரும் அங்க இல்ல" என்பதை மறக்காமல் சொல்கிறார் அவர். பண்ணைக்காரர் நல்ல மனிதர். வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார். மக்காச்சோளம் விலை, சோயா விலை, வங்கிக் கடன், தினமும் மாறும் முட்டை விலை என்று அவருடைய கவலைகளே ஒரு மூட்டை. காட்டுக்கோழி ஆண்டுக்கு ஏதோ பத்துப் பதினைந்து முட்டை இடும். பண்ணைக்கோழியிடம் 300 வரை எதிர்பார்க்கிறோம். அதை நாம் சில ரூபாய்க்கு எதிர்பார்க்கிறோம் என்பதும் கணக்கில் உண்டு.

50 ரூபாய் அபராதம்

'இதுக்கெல்லாம் சட்டம் இருக்கா?' என்று கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் பதில், கேட்பவரைக் கொஞ்சம் அசரவைக்கும். இருக்கிறது. அதுவும் அதற்கு விதை போட்டவர் சென்னைக்காரர்.

கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேலை நடனக் கலைஞராகத்தான் பலருக்கும் தெரியும். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போன அவர், விலங்குகள் வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமை அலுவலகம் பல காலம் நம் திருவான்மியூரில்தான் இருந்தது; 2018-ல் ஹரியானாவுக்குப் போய்விட்டது.

அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு தெளிவாகவே பேசுகிறது. நடமாட நியாயமான வாய்ப்பு தராத அளவுக்குச் சின்னக் கூண்டில் ஒரு பிராணியை அடைத்துவைத்தால் குற்றம். உயரம், நீளம், அகலம் மூன்றையும் சட்டமே சொல்கிறது. கோழியும் பிராணிதான். இதைக் காட்டித்தான் கம்பிக்கூண்டு முறை சட்டத்துக்குப் புறம்பானது, 2017-க்குள் அதைக் கைவிடுங்கள் என்று விலங்குகள் நல வாரியம் முன்பே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 2017 ஜூலையில் இந்தியச் சட்ட ஆணையமும் தன் 269-வது அறிக்கையை முழுக்க முழுக்க முட்டைக்கோழிகளுக்கும் கறிக்கோழிகளுக்கும் ஒதுக்கியது.

அபராதம்? முதல் தடவை பிடிபட்டால் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. பல காலத்துக்கு முன்பு எழுதிய தொகை. இன்றுவரை அதேதான். தேரடியில் ஹெல்மெட் இல்லாமல் மாட்டினால் இதைவிடப் பல மடங்கு கட்ட வேண்டும்.

2019-ல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள் ஒரு கோழிக்கு 550 சதுர செ.மீ. என்று அளவு சொன்னது. மடித்த தாளைக் கொஞ்சம் பிரித்துவிடலாம். முழு ஏ4 தாள் இன்னும் கிடைக்காது. இதே 550 சதுர செ.மீ.தான் 2003-லிருந்து ஐரோப்பாவில் வெறும் கம்பிக்கூண்டுக்கான குறைந்தபட்ச அளவு. அதுவும் போதாது என்று 2012 ஜனவரி 1 முதல் அந்தக் கூண்டையே அவர்கள் தடை செய்துவிட்டார்கள்.

"எங்களுக்கு யாரு கையெழுத்து போட்டாங்க?"

தேரடியில் கேட்பது ஒரு மாதிரி. எண்ணூரில் கேட்பது வேறு மாதிரி.

வடசென்னைக்கு மனு என்பது புதிதல்ல. சாம்பல் கழிவுக்கு மனு, கண்டெய்னர் லாரிக்கு மனு, கடல் அரிப்புக்கு மனு, குடிநீருக்கு மனு. திங்கள்கிழமை குறைதீர்ப்பு நாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்காத தெரு இந்தப் பக்கம் குறைவு. எனவே, எண்ணூர் குப்பங்களுக்குள் முதல் ஞாயிறு போனபோது கிடைத்த வரவேற்பை அவர்கள் எதிர்பார்த்திருக்கத்தான் வேண்டும்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மனுவை முழுசாகப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மனுசனுக்கே இங்க மூச்சு வுட முடியல. நீ கோழிக்கு எடம் கேக்குற. எங்களுக்கு யாரும்மா வந்து கையெழுத்து வாங்குனாங்க?"

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. 2023 டிசம்பரை எண்ணூர் மறக்காது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பு. சொந்த ஆற்றிலிருந்து எண்ணெயை மீனவர்கள் மக்கிலும் வாளியிலும் அள்ளிய படங்களை நாடே பார்த்தது. அந்த எண்ணெயிலேயே கூழைக்கடாக்களும் சிக்கி, சிறகெல்லாம் கறுப்பாகிக் கரையோரம் ஒடுங்கி நின்றன. அந்தக் கறை காய்வதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவு, உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். கண் எரிச்சல், மூச்சுத்திணறல், மயக்கம், ஆஸ்பத்திரி. பிறகு நாள்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்து போராடினார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் கோழிக்காகப் பேசுவது எப்படி? அந்தப் பெண் அன்றைக்கு ஒன்றும் வாதாடவில்லை. பெரியவரிடம் மன்னிப்பு கேட்பது போல ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தாளை மூடிவிட்டார். டீக்கடையில் உட்கார்ந்து, இனிமேல் எண்ணூர் வேண்டாம், மெட்ரோ ஸ்டேஷனோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நால்வரும் பேசிக்கொண்டார்கள்.

அங்கேதான் விஷயம் திரும்பியது. டீக்கடை அக்கா, "அந்தப் பண்ணை உள்ள எப்டிம்மா இருந்துச்சு?" என்று சும்மா கேட்டிருக்கிறார். கூண்டைப் பற்றிச் சொல்லும்போது, "உள்ள போனதும் கண்ணு எரிஞ்சுதுக்கா. மூக்குல சுருக்குனு ஏறுச்சு. கோழி எச்சத்துல இருந்து அமோனியா வருமாம்" என்று இவர் போகிறபோக்கில் சொன்னார்.

அமோனியா என்ற சொல் எண்ணூரில் சாதாரணச் சொல் அல்ல. டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "அந்த நாத்தத்துலயா இருக்குதுங்க? தெனமுமா?"

தினமும்தான். அளவு வேறு, அன்றிரவு போல அல்ல. ஆனால், ஷெட்டுக்குள் எச்சம் குவியக் குவிய அமோனியா எழும். காற்றோட்டம் குறைந்தால் கோழியின் கண்ணும் மூச்சுக்குழலும் பாதிக்கும். ஓடுவதற்குக் கோழிக்கு வாசல் இல்லை.

டீக்கடை அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்து போட்டார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளையும் கூப்பிட்டார். 18 வயது ஆகாததால் வேண்டாம் என்று இவர்கள்தான் தடுக்க வேண்டியிருந்தது. வலை பின்னிய பெரியவர் கடைசிவரை போடவில்லை. ஆனால், அடுத்த வாரம் அவர்கள் வந்தபோது, "கோழிப் பொண்ணுங்க வந்துருக்குதுங்க" என்று தெருவுக்கே குரல் கொடுத்தது அவர்தான்.

இதை வைத்து, கஷ்டப்படுகிறவர்களுக்குத்தான் கஷ்டம் புரியும் என்று சுலபமாக ஒரு வரி எழுதிவிடலாம். அது முழு உண்மை அல்ல. அதே குப்பத்தில் அவர்களைத் துரத்தியடித்த வீடுகளும் உண்டு.

காசிமேட்டுப் பக்கம் நடந்ததுதான் தமாஷ். ஒரு கோழிக்கறிக் கடை. தோழிகளில் ஒருத்தி விளையாட்டாகத்தான் உள்ளே போனாள். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "வெட்றவன்கிட்டயே கையெழுத்தா? பலே கில்லாடிம்மா நீ!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. முட்டை போட்டு ஓய்ந்த லேயர் கோழிகள் லோடில் வரும்போது எப்படி இருக்கும் என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். கழுத்திலும் முதுகிலும் இறகு இருக்காது. கூண்டிலிருந்து பிடித்து இழுக்கும்போதே சிலவற்றின் கால் ஒடிந்துவிடும். "எலும்பு அப்பளம் மாறி நொறுங்கும்மா. கறிக்கோழிகூட அப்டி இல்ல." காரணம் உண்டு. ஆண்டுக்கு 300 முட்டை ஓட்டுக்கும் சுண்ணாம்புச்சத்து வேண்டும். தீனியில் வருவது போதாதபோது உடம்பு அதை எலும்பிலிருந்து எடுக்கிறது. நடக்காத, பறக்காத கோழிக்கு எலும்பு இன்னும் பலவீனமாகிவிடும். கடைக்காரர் கையெழுத்தை ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் போட்டார். பக்கத்துக் கடைக்காரரையும் போடவைத்தார்.

கறிக்கடையில் கிடைத்த கையெழுத்து, நாய் பூனை வளர்க்கும் சில வீடுகளில் கிடைக்கவில்லை. "தெருநாய்க்குன்னா சொல்லுங்க, போடறேன்" என்றார்களாம்.

அத்தோ கடைகளில் கேட்பது வீண். அவித்த முட்டையைப் பிளந்து வெங்காயம் வைத்துத் தருகிற நேரத்தில் யாருக்கும் பேனா பிடிக்கக் கை இருக்காது.

அம்மா இன்னும் போடவில்லை

இந்தக் கதையில் பெரிய சிக்கல் வெளியே இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. அந்தப் பெண்ணின் அம்மா ஒரு பள்ளிச் சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர். தினமும் காலையில் முட்டைகளை எண்ணி, கழுவி, அவித்து, உரிப்பவர். மகளின் மனுவை முதல்நாளே படித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"முட்டை விலை ஏறுமாம்மா?"

மகளிடம் பதில் இல்லை. அம்மா விடவில்லை. "ஏறுச்சுன்னா கவர்மென்ட்டு இன்னா பண்ணும்? அஞ்சு நாளு போடறத மூணு நாளாக்கும். அப்ப எந்தப் புள்ள வயித்துல கை வெப்ப?"

இந்தக் கேள்வியின் கனம் தெரிய வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் அந்த முட்டை தட்டுக்கு வந்த வரலாறு தெரிய வேண்டும். 1920-லேயே சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. அப்போது அதற்குக் காரணமாக இருந்தவர், பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்குப் பெயர் தந்த அதே பிட்டி தியாகராயர். பிறகு காமராஜர் காலத்தில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 1989-ல் கருணாநிதி ஆட்சியில், இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று முட்டை நுழைந்தது. அது மெல்ல மெல்ல ஏறி, 2010-ல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை என்று ஆனது. ஒவ்வொரு முட்டைக்கும் பின்னால் ஒரு பட்ஜெட் சண்டை இருக்கும். வேறு சில மாநிலங்களில் சத்துணவில் முட்டையே கூடாது என்று எதிர்ப்பு கிளம்புவதையும் பார்க்கிறோம். அதனால் 'முட்டை', 'மனு' என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாகக் கேட்டவுடன் வடசென்னைத் தாய்மார்களுக்குச் சந்தேகம் வருகிறது. முட்டையை நிறுத்தப் பார்க்கிறார்களோ? "நீ சைவமாமா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டவர்கள் ஏராளம். அவருக்குக் கலக்கி இல்லாமல் பரோட்டா இறங்காது என்பது அவர்களுக்குத் தெரியாது.

கூண்டை எடுத்தால் செலவு கூடும் என்பதை மறைப்பதில் அர்த்தம் இல்லை. அதே எண்ணிக்கைக் கோழிக்குக் கூடுதல் இடம், கூடுதல் ஆள், கொஞ்சம் கூடுதல் தீனி வேண்டும். முட்டையை உருட்டிவிடச் சரிவு இல்லாதபோது பொறுக்க ஆள் வேண்டும். கோழிகள் ஒன்றையொன்று கொத்தாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். விலங்கு நலம் பேசும் பலர் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். அம்மா தாண்டவிடவில்லை.

விளைவு, மனு மாறியது. பழைய தாள்களை ஓரம் கட்டிவிட்டு, ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் புதிதாக அடித்தார்கள். இப்போது மனுவின் முதல் வரி கோழியைப் பற்றியதே அல்ல. 'சத்துணவில் குழந்தைகளுக்குத் தரும் முட்டையின் எண்ணிக்கை எக்காரணம் கொண்டும் குறையக் கூடாது' என்பதுதான் முதல் வரி. கூடுதல் செலவை அரசு ஏற்க வேண்டும், மாறும் பண்ணைக்காரர்களுக்கு மானியமும் கடனும் வேண்டும் என்பது இரண்டாவது. கோழி மூன்றாவதாகத்தான் வருகிறது. ஏற்கெனவே கையெழுத்து போட்டவர்களிடம் மறுபடி போய்க் கேட்க வேண்டியதாயிற்று. சிலர் எரிச்சலானார்கள். சில வீடுகள் பூட்டியிருந்தன. அந்தக் கையெழுத்துகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய வாசகத்துக்குப் போட்டதைப் புதிய வாசகத்துக்குப் பின்னால் ஒட்டுவது நியாயமில்லை என்று முடிவு செய்தார்களாம். மெனக்கெட்ட வேலைதான். ஆனால், போட்டவர் நம்பிப் போட்ட கையெழுத்து அது.

இத்தனை செய்து என்ன ஆகிவிடும்? இதையும் தெருவில் தினமும் கேட்கிறார்கள். "கையெழுத்து போட்டா கூண்டு தொறந்துருமா?"

சில இடங்களில் திறந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், போதுமான வாக்காளர்கள் கையெழுத்திட்டால் ஒரு சட்டத்தை நேரடியாகத் தேர்தலில் மக்கள் ஓட்டுக்கு விடலாம். தன்னார்வலர்கள் கடைவாசல்களில் நின்று கிட்டத்தட்ட 8 லட்சம் கையெழுத்து வாங்கினார்கள். கோழி எழுந்து நிற்கவும், திரும்பவும், சிறகை விரிக்கவும் இடம் வேண்டும் என்ற அந்தச் சட்டம் 2008 நவம்பரில், ஒபாமா ஜெயித்த அதே நாளில், மக்கள் ஓட்டில் ஜெயித்தது. 2018-ல் அதைவிடக் கடுமையான இன்னொன்று வந்தது. இறைச்சி நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம்வரை போயும் 2023-ல் தோற்றன.

ஐரோப்பாவின் கதை அவ்வளவு இனிப்பாக இல்லை. அங்கே எல்லாப் பண்ணை விலங்குகளுக்கும் கூண்டு கூடாது என்று ஓராண்டில் சுமார் 14 லட்சம் கையெழுத்து சேர்ந்தது. 2023 முடிவதற்குள் சட்ட முன்வரைவு கொண்டுவருவோம் என்று 2021 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் வாக்குக் கொடுத்தது. 2023 முடிந்தது, முன்வரைவு வரவில்லை. 14 லட்சம் பேருக்கே இந்தக் கதி என்றால்..?

நம் ஊரில் கலிஃபோர்னியா மாதிரி ஏற்பாடு கிடையாது. எத்தனை கையெழுத்து சேர்ந்தாலும் அரசு அசைந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது, நாடாளுமன்றத்திலும் இருக்கிறது. துறைச் செயலாளர்களுக்கு அனுப்பலாம். தொகுதி எம்.எல்.ஏ-விடம் நேரில் கொடுக்கலாம். தாள் கனமாக இருந்தால் கேட்பவர் காது கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும் என்ற நம்பிக்கைதான் முதலீடு.

தாள்கள் எல்லாம் காலடிப்பேட்டை வீட்டில், பழைய ஜவுளிக்கடைக் கட்டைப்பையில், பீரோவுக்கு மேல் இருக்கின்றன. தமிழில், தெலுங்கில், உருதில், ஆங்கிலத்தில் கையெழுத்துகள். சில இடங்களில் இடதுகைக் கட்டைவிரல் ரேகை. போன் நம்பர் கட்டம் பாதி காலி. சுருக்கெழுத்து மாதிரி கிறுக்கிய ஒன்றுக்குப் பக்கத்தில், 'ஆயா, வயசு தெரியாது' என்று தோழி ஒருத்தி அடைப்புக்குறிக்குள் எழுதிவைத்திருக்கிறாள்.

அம்மாவின் கையெழுத்து அதில் இல்லை. மனுவை மாற்றிய பிறகும் போடவில்லை. "நீ எழுதிட்டா ஆச்சா? கவர்மென்ட்டு ஒரு முட்டைக்கு இன்னா வெல குடுக்குது, வருசத்துக்கு எவ்ளோ வாங்குது, கூண்டு இல்லாத முட்டைக்கு எவ்ளோ ஜாஸ்தி ஆவும்... கணக்கு காட்டு. அப்பால போடறேன்" என்று சொல்லிவிட்டார். இருபது வருடமாக முட்டை எண்ணுகிறவர். கணக்கில் ஏமாற மாட்டார்.

மகள் போன வாரம் ஆபீஸில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதே கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ராயபுரத்தில் தபாலில் சேர்த்தார். பதில் சொல்லச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள்.